கொக்கலையிலிருந்து பேர்த்துக்கு 28 மணி நேரம்

இலங்கையின் தென்கரையில் இருக்கும் கொக்கலைக் களப்பிலிருந்து மேற்கு அவுஸ்திரேலியாவின் பேர்த் நகரத்துக்கு நேர்வழித் தூரம் ஏறக்குறைய 5,650 கிலோமீட்டர். இன்றைய ஜெட் விமானத்துக்கு இது ஏழு மணி நேர ஓட்டம். 1943 முதல் 1945 வரை இதே தூரத்தைப் பயணிகளோடு கடந்த விமானங்களுக்குச் சராசரியாக 28 மணி நேரம் பிடித்தது. நடுவில் எங்கும் இறங்கவில்லை. இறங்க இடமும் இல்லை. பயணிகள் ஒரே பயணத்தில் இரண்டு முறை சூரியோதயம் பார்த்தார்கள். ‘இரட்டை விடியல்’ என்ற பெயர் அந்தச் சேவைக்கு அப்படித்தான் வந்தது.

விமான நிறுவனமொன்றில் பயணத் திட்டம் போடும் மேசையில்தான் என் உழைப்புக் காலம் முழுவதும் போனது. புறப்படும் இடம், போய்ச் சேரும் இடம் இரண்டையும் தந்தால், பாதை, காற்று, எண்ணெய், ஏற்றக்கூடிய சுமை எல்லாவற்றையும் கணக்குப் பார்த்து விமானியின் கையில் தாளைக் கொடுப்போம். எத்தனை மணி நேரம் என்று பயணிகள் கேட்பார்கள். எங்களுக்கு அது கடைசியில் வரும் எண். எவ்வளவு எண்ணெய் வேண்டும், அதை ஏற்றிய பிறகு வேறு என்ன ஏற்ற முடியும் என்பதுதான் எங்கள் முதல் கேள்வி. அந்தக் கண்ணோடு உலகத்தின் பழைய நீள்பாதைகளைப் பார்க்கும்போது, கொக்கலை–பேர்த் பாதைக்கு முன்னால் நிற்கக்கூடிய இன்னொன்று எனக்குத் தெரியவில்லை. நம் நாட்டு மண்ணிலிருந்து, சரியாகச் சொன்னால் நம் நாட்டுத் தண்ணீரிலிருந்து, எழும்பிய பாதை அது. ஆனாலும் நம்மவர்களில் பெரும்பாலோர் அதைக் கேள்விப்பட்டதே இல்லை.

போருக்கு முன்பு அவுஸ்திரேலியாவிலிருந்து இலண்டனுக்குப் போகும் ஆகாய வழியில் இலங்கைக்கு இடம் இருக்கவில்லை. 1938 முதல் குவாண்டாஸ் எம்பயர் ஏர்வேஸும் பிரித்தானிய இம்பீரியல் ஏர்வேஸும் சேர்ந்து சிட்னிக்கும் சவுத்தாம்டனுக்கும் இடையில், தண்ணீரில் இறங்கி எழும்பும் பறக்கும் படகுகளை ஓட்டின. டார்வின், சிங்கப்பூர், பாங்கொக், ரங்கூன், கல்கத்தா, கராச்சி என்று ஒவ்வொரு நாளும் இறங்கி இறங்கி, இரவில் விடுதிகளில் தங்கி, ஒன்பது பத்து நாளில் போய்ச் சேர்வார்கள். இலங்கை அந்தக் கோட்டுக்கு வெகு தெற்கே ஒதுங்கிக் கிடந்தது. கொழும்பை அடுத்த இரத்மலானையில் முதல் விமானம் இறங்கியதே 1935 நவம்பர் 27 அன்றுதான். அதை ஓட்டி வந்தவர் மெட்ராஸ் ஃபிளையிங் கிளப்பின் பயிற்சியாளர் டின்டேல் பிஸ்கோ. 1938-இல் டாட்டாவின் தபால் விமானம் சென்னையிலிருந்து கொழும்பு வரை நீண்டது. அப்போது இலங்கை ஒரு கிளைப்பாதையின் கடைசி நிறுத்தம், அவ்வளவுதான்.

1942 பெப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் ஜப்பானியரிடம் விழுந்தது. பெரும் பாதை நடுவில் அறுந்தது. அறுவதற்கு முன்னும் பின்னுமாக குவாண்டாஸ் கொடுத்த விலை பெரியது. ஜனவரி 30 அன்று ‘கோரியோ’ என்ற பறக்கும் படகைத் தீமோருக்கு அருகே ஜப்பானியப் போர் விமானங்கள் சுட்டு வீழ்த்தின. அதன் தலைவர் ஓப்ரி கோக் காயத்தோடு நீந்திக் கரை சேர்ந்தார். பெப்ரவரி கடைசியில் ‘சர்சி’ ஜாவாவின் சிலாசாப் துறையிலிருந்து அவுஸ்திரேலியாவின் புறூம் நோக்கிக் கிளம்பியது, போய்ச் சேரவில்லை. மார்ச் 3 அன்று புறூம் துறையிலேயே ஜப்பானிய விமானங்கள் வந்து தாக்கின. தண்ணீரில் நின்ற பறக்கும் படகுகள் வரிசையாக எரிந்தன, குவாண்டாஸின் ‘கொரின்னா’வும் அவற்றோடு போனது.

அவுஸ்திரேலியா இப்படி பிரித்தானியாவிலிருந்து துண்டாகிக் கிடந்தது. தபால் கப்பலில் போகலாம், வாரக்கணக்கில் ஆகும். பசிபிக்கைச் சுற்றி அமெரிக்கா வழியாகவும் போகலாம், அது உலகத்தில் பாதியைச் சுற்றுவதற்குச் சமம். மிச்சமிருந்தது இந்து சமுத்திரம். அதன் மேலே பாதை போட முடியுமா என்பதை பி. ஜி. டெய்லர் என்ற அவுஸ்திரேலிய விமானி போருக்குச் சில மாதங்களுக்கு முன், 1939-இல், ‘கூபா’ என்ற கட்டலினா வகைப் பறக்கும் படகில் பறந்து பார்த்திருந்தார். கோகோஸ், டியாகோ கார்சியா என்று தீவு தீவாக இறங்கி மொம்பாசா வரை போனார். இப்போது அந்தத் தீவுகளை நம்ப முடியாத நிலை. கோகோஸுக்குக் கிழக்கே இருக்கும் கிறிஸ்மஸ் தீவு ஜப்பானியர் கையில், சுமாத்திராவும் அந்தமானும் அவர்கள் கையில். ஒரே தாவலில் போவதென்றால் மட்டுமே வழி உண்டு.

உலகப்படத்தில் பேர்த்திலிருந்து கொக்கலைக்கு ஒரு பெருவட்டக் கோடு இழுத்துப் பாருங்கள். பாதி வழியின் புள்ளி கிட்டத்தட்ட கோகோஸ் தீவுகளுக்கு மேலேயே விழும், நூற்றைம்பது கிலோமீட்டர் மட்டும் தெற்கே தள்ளி. கோகோஸ் அப்போது இலங்கையிலிருந்து நிர்வகிக்கப்பட்டது. 1942 மே மாதம் அங்கே காவலில் இருந்த இலங்கைப் பீரங்கிப் படையினர் கிளர்ந்தெழுந்தார்கள். கிரேஷன் பெர்னாண்டோவும் இன்னும் இருவரும் ஆகஸ்டில் வெலிக்கடைச் சிறையில் தூக்கிலிடப்பட்டார்கள். இரண்டாம் உலகப் போரில் பொதுநலவாயப் படைகளில் கிளர்ச்சிக் குற்றத்துக்காக மரண தண்டனை நிறைவேற்றப்பட்டவர்கள் அவர்கள் மூவர் மட்டுமே. அடுத்த வருடம் அந்தத் தீவுக்கு அருகாக விமானங்கள் சத்தமில்லாமல் இருட்டில் கடந்து போயின. கோகோஸ் என்ற பெயரை எங்கே கண்டாலும் எனக்கு இரண்டும் சேர்ந்தே நினைவுக்கு வரும்.

மறுமுனைக்கு ஏன் கொக்கலை? பறக்கும் படகுக்கு ஓடுபாதை தேவையில்லை, அலை அடங்கிய நீண்ட தண்ணீர் வேண்டும். காலியிலிருந்து மாத்தறைக்குப் போகும் வழியில், கடலுக்கும் வீதிக்கும் உட்பக்கமாக விரிந்து கிடக்கும் கொக்கலைக் களப்பு அதற்கென்றே அமைந்ததுபோல் இருக்கிறது. பிரித்தானிய விமானப்படை அங்கே தளம் அமைத்தது. அதற்காக அந்த ஊர்ச் சனங்களைக் குறுகிய அவகாசத்தில் வீடு வாசலை விட்டு எழுப்பினார்கள். தென்னந்தோப்புகளும் வீடுகளும் போயின. சிங்கள இலக்கியத்தின் பேரெழுத்தாளர் மார்ட்டின் விக்கிரமசிங்க பிறந்த ஊர் அதுதான். அவருடைய பரம்பரை வீடு மட்டும் இடிபடாமல் தப்பியது, இன்று அதைச் சுற்றித்தான் கிராமியக் கலாசார நூதனசாலை இருக்கிறது. இந்தப் பாதையின் புகழைப் பேசுகிறவர்கள் வீடிழந்த கொக்கலைச் சனங்களை ஒரு வரியிலாவது சொல்ல வேண்டும். யாழ்ப்பாணத்துப் பலாலியில், எங்கள் பக்கத்திலும், போர்க்காலத்தில் விமானத்தளம் வந்தது. தளத்துக்கென்று ஒரு முறை போன நிலம் திரும்பி வருவது எவ்வளவு கடினம் என்பதை அந்தப் பகுதியில் பிறந்த எவரிடமும் விளக்கத் தேவையில்லை.

கொக்கலைத் தளம் ஏற்கெனவே ஒரு பெரிய காரியம் செய்திருந்தது. 1942 ஏப்ரல் 4 அன்று அங்கிருந்து ரோந்து போன கனேடிய 413-ஆவது அணியின் கட்டலினா ஒன்று, இலங்கையை நோக்கி வந்துகொண்டிருந்த ஜப்பானிய அட்மிரல் நாகுமோவின் கப்பற்படையை நடுக்கடலில் கண்டது. அதன் தலைவர் லெனார்ட் பிர்ச்சல் செய்தியை அனுப்பிக்கொண்டிருக்கும்போதே அதைச் சுட்டு வீழ்த்தினார்கள். அடுத்த நாள் உயிர்த்த ஞாயிறு. கொழும்பில் குண்டு விழுமுன்பே எச்சரிக்கை வந்துவிட்டிருந்தது. பிர்ச்சல் போர் முடியும்வரை ஜப்பானியச் சிறையில் கிடந்தார். அவர் கொக்கலைக்கு வந்து சேர்ந்தே ஓரிரு நாள்தான் ஆகியிருந்தது.

பாதையைத் திறக்கும்படி குவாண்டாஸின் ஹட்சன் ஃபிஷ் விடாமல் கேட்டுக்கொண்டிருந்தார். பிரித்தானிய அரசு ஐந்து கட்டலினாக்களைக் கொடுத்தது. சேவையை நடத்தியவர் காப்டன் பில் குரோதர், முதற்பயணங்களில் பறந்தவர்களில் முக்கியமானவர் காப்டன் ரஸல் டாப். பேர்த்தில் தளம், சுவான் ஆறு அகன்று விரியும் நெட்லண்ட்ஸ், குரோலி பகுதியில் இருந்தது. அதே ஆற்றில் அமெரிக்கக் கடற்படையின் கட்டலினாக்களும் நின்றன. ஐந்து விமானங்களுக்கும் வழிகாட்டும் நட்சத்திரங்களின் பெயர்களையே வைத்தார்கள்: வேகா, அல்டேர், ரைஜல், அன்டாரஸ், ஸ்பைக்கா. நேவிகேட்டர் இரவில் எந்த நட்சத்திரங்களைப் பார்த்து வழி கண்டுபிடிப்பாரோ, அவற்றின் பெயரையே சுமந்த விமானத்துக்குள் உட்கார்ந்திருப்பார். 1943-இன் நடுப்பகுதியில் சேவை தொடங்கியது.

என் தொழிற்கண்ணுக்கு இந்தப் பாதையில் பெரிய அதிசயம் எது என்றால், அதன் சுமைக் கணக்கு. அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

கட்டலினா இரண்டு எஞ்சின் கொண்ட மெதுவான விமானம். மணிக்கு இருநூறு கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். 5,650-ஐ 200-ஆல் வகுத்தால் 28 மணி நேரம் வருகிறது. இது காற்றே அடிக்காத நாளின் கணக்கு. மணிக்கு 20 கிலோமீட்டர் எதிர்காற்று வழி முழுவதும் வீசினால் 31 மணி நேரத்தைத் தாண்டும். அதே காற்று பின்னால் இருந்து தள்ளினால் 26 மணி நேரத்துக்குக் கீழே இறங்கும். ஜெட் விமானத்துக்கு 20 கிலோமீட்டர் காற்று ஒரு பொருட்டே இல்லை, எட்டு பத்து நிமிடம் கூடும் அல்லது குறையும். மெதுவாகப் போகிற விமானத்துக்கு அதே காற்று மூன்று மணி நேரத்தை விழுங்கிவிடும். வேகம் குறையக் குறையக் காற்றின் பிடி இறுகும். இந்தப் பாதையில் பதிவான மிக நீண்ட பறப்பு 32 மணி 9 நிமிடம். பயணிகளை ஏற்றிச் செல்லும் வழமையான சேவைகளில், நிலத்தைத் தொடாமல் ஆகாயத்தில் இருந்த நேரத்துக்கான சாதனையாக அதுவே இன்றும் நிற்கிறது.

இப்போது எண்ணெய். 32 மணி நேரம் பறக்க நேரலாம் என்றால் அதற்கும் மேலே கையிருப்பு வேண்டும். விமானத்தின் உடலுக்குள்ளேயே மேலதிகத் தாங்கிகளை வைத்து 1,988 கலன், அதாவது 9,000 லீற்றருக்கும் மேல் பெற்றோல் ஏற்றினார்கள். அதன் எடை மட்டுமே ஆறரை டன் வரும். புறப்படும்போது மொத்த எடை ஏறக்குறைய 16 டன், அந்த விமானத்துக்கென்று வகுத்த வரம்பை மீறிய சுமை. உறைபனியை உடைக்கும் கருவி, உட்சுவரின் காப்பு என்று உயிருக்கு உடனடியாக வேண்டாத எல்லாவற்றையும் கழற்றிப் போட்டார்கள். துப்பாக்கி ஒன்றும் இல்லை. இவ்வளவையும் செய்து மிஞ்சிய இடத்தில் என்ன ஏற்றினார்கள்? மூன்று பயணிகள், 69 கிலோ தபால். ஆறரை டன் எண்ணெய் எரித்து மூன்று பேர். ஒருவருக்கு மூவாயிரம் லீற்றர்.

இப்படி ஒரு திட்டத்தை என் மேசைக்குக் கொண்டுவந்திருந்தால், தாளில் கையெழுத்துப் போட என் கை எழும்பியிருக்காது. காரணம் இதுதான். முதல் பல மணி நேரத்துக்கு அந்த விமானம் ஒற்றை எஞ்சினில் உயரத்தைத் தக்கவைக்க முடியாத அளவுக்குக் கனமாக இருக்கும். ஒரு எஞ்சின் நின்றால் எண்ணெயைக் கடலில் கொட்டிவிட்டுத் திரும்ப வேண்டும். வெகு தூரம் போன பின் திரும்பவும் முடியாது, போய்ச் சேரவும் முடியாது, தண்ணீரில் இறங்கலாம், அவ்வளவே. வானொலியில் உதவி கேட்டால் முதலில் வருபவன் எதிரியாகவே இருப்பான். ஆகவே வானொலியை மூடிவைத்தே பறந்தார்கள்.

வானொலி இல்லை என்றால் வழி கண்டுபிடிப்பது முழுவதும் நேவிகேட்டரின் கண்ணிலும் பென்சிலிலும் இருந்தது. பகலில் சூரியன். இரவில் நட்சத்திரம். செக்ஸ்டன்ட் கருவியால் அடிவானத்துக்கும் நட்சத்திரத்துக்கும் உள்ள கோணத்தை அளந்து, நேரத்தைக் குறித்து, அட்டவணை பார்த்து, படத்தில் ஒரு கோடு. இரண்டு மூன்று நட்சத்திரக் கோடுகள் வெட்டும் இடம் விமானம் நிற்கும் இடம். காற்று விமானத்தைப் பக்கவாட்டில் எவ்வளவு தள்ளுகிறது என்று அறிய, பகலில் கடலில் மிதக்கும் அடையாளத்தையும் இரவில் தண்ணீரில் எரியும் மிதவையையும் கீழே போட்டு அது எந்தப் பக்கம் விலகுகிறது என்று அளப்பார்கள். எங்கள் தொழிலில் ‘அறுபதுக்கு ஒன்று’ என்று ஒரு வாய்ப்பாடு உண்டு: ஒரு பாகை பிசகினால், அறுபது கிலோமீட்டர் போனதும் ஒரு கிலோமீட்டர் விலகியிருப்பாய். 5,650 கிலோமீட்டருக்கு அது 94 கிலோமீட்டர். இலங்கையின் தென்முனைக்கு வருகிறவன் இடப்பக்கம் அவ்வளவு பிசகினால் தெய்வேந்திர முனையைக் கடந்து அரபிக் கடலுக்குள் போய்விடுவான், தாங்கியில் எண்ணெய் அடியைத் தொடும் நேரத்தில். 271 முறை கடந்தார்கள். ஒரு விமானம் தவறவில்லை, ஒரு உயிர் போகவில்லை. திறமையும் ஒழுங்கும் அவர்களுடையவை. அதிர்ஷ்டமும் கூட இருந்திருக்க வேண்டும், ஏனென்றால் எஞ்சின் நட்சத்திரம் பார்த்து ஓடுவதில்லை.

இரண்டு விடியல்களுக்கும் கணக்கு உண்டு. ஜப்பானியர் ரோந்து போகக்கூடிய பகுதியை இருட்டில் கடக்க வேண்டும் என்பதற்காகவே புறப்படும் நேரத்தை வகுத்தார்கள். விடியலை ஒட்டிக் கிளம்பினால் முதல் சூரியோதயம் வழியில், பகல் முழுவதும் பாதுகாப்பான கடல், இரவில் ஆபத்தான பகுதி, மறுநாள் இரண்டாவது சூரியோதயம், அதன் பிறகு கரை. பேர்த்துக்கும் கொக்கலைக்கும் இடையே நெட்டாங்கு வித்தியாசம் முப்பத்தைந்தரைப் பாகை. ஒரு பாகைக்கு நாலு நிமிடம் என்றால் சூரியனுக்கு அது 2 மணி 22 நிமிடப் பயணம். ஆக, சூரியன் போகும் திசையிலேயே மேற்கு நோக்கி இலங்கைக்கு வருகிறவனுக்கு ஒரு விடியலுக்கும் அடுத்த விடியலுக்கும் இடையில் இருபத்தாறு மணி நேரத்துக்கும் மேல். சூரியனுக்கு எதிரே கிழக்கு நோக்கிப் பேர்த்துக்குப் போகிறவனுக்கு ஏறக்குறைய இருபத்திரண்டு மணி நேரம். பருவத்தைப் பொறுத்துக் கொஞ்சம் கூடும் குறையும். எதுவாயினும் 28 மணி நேரப் பறப்புக்குள் இரண்டும் அடங்கிவிடும். பயணிகளுக்கு ‘இரட்டை விடியலின் இரகசிய சங்கம்’ என்ற பெயரில் ஒரு சான்றிதழ் கொடுத்தார்கள்.

இரகசியம் என்பது வெறும் அலங்காரச் சொல் இல்லை.  அரச அதிகாரிகள், படைத்துறையினர் போன்ற வேலை உள்ளவர்களுக்கு மட்டுமே இடம். கொக்கலையிலிருந்து தபாலும் ஆட்களும் கராச்சி போய், அங்கிருந்து பிரித்தானிய விமானங்களில் இலண்டன் போவார்கள். அறுந்த கயிறு இப்படித்தான் மீண்டும் முடியப்பட்டது.

என் பெரியப்பா ஒருவர் அந்தக் காலத்தில் காலியில் தபால் கந்தோரில் எழுதுவினைஞராக இருந்தார். யாழ்ப்பாணத்து ஆட்கள் இலங்கை முழுவதும் கந்தோர்களில் இருந்த காலம். விடிய முன்னரே எஞ்சின் சத்தம் தென்னந்தோப்புகளுக்கு மேலே நெடுநேரம் இழுபடும் என்று சொல்வார். மற்ற விமானங்கள் சட்டென்று எழும்பிவிடும், சில விமானங்கள் மட்டும் எழும்ப மனமில்லாமல் தண்ணீரை உழுதுகொண்டே போகும் என்பார். “தம்பி, அது ஏன் அப்பிடிப் பாரமா எழும்புது எண்டு எங்களுக்கு ஒருத்தரும் சொல்லேல்லை” என்று அவர் சொன்னது என் காதில் இருக்கிறது. ஆறரை டன் எண்ணெய் ஏற்றிய கட்டலினா தண்ணீரின் பிடியை உடைத்து எழும்ப எவ்வளவு நேரம் எடுக்கும் என்பதை நான் தொழிலுக்கு வந்த பிறகுதான் விளங்கிக்கொண்டேன். களப்பு தட்டையாகக் கண்ணாடிபோல் கிடந்தால் இன்னும் கஷ்டம். சிற்றலை இருந்தால் படகின் அடிப்பாகத்துக்குள் காற்று புகுந்து ஒட்டலை விடுவிக்கும், அலையே இல்லாத தண்ணீர் விடாது. விமானத்தின் அடிப்பாகத்தில் ஒரு படி வெட்டியிருப்பதும் அந்த ஒட்டலை உடைக்கத்தான். பெரியப்பாவுக்கு இதைச் சொல்ல எனக்கு வாய்க்கவில்லை.

1944 நடுவில் குவாண்டாஸுக்கு லிபரேட்டர் விமானங்கள் கிடைத்தன. நான்கு எஞ்சின், தரையில் இறங்குபவை, வேகமும் கூட. வடமேற்கு அவுஸ்திரேலியாவின் லேர்மந்துக்கு ஏறிப்போய் அங்கிருந்து தாவினால் கடல் தூரம் குறையும், ஆகவே அந்த வழி இரத்மலானைக்கு வந்தது. பறக்கும் நேரம் பதினேழு மணி நேரமளவுக்குச் சுருங்கியது. குவாண்டாஸின் கங்காரு முத்திரை முதலில் விமானத்தில் ஏறியது இந்தச் சேவையில்தான். 1945 மே மாதத்தில் லங்காஸ்ட்ரியன் வந்தது. சிட்னியிலிருந்து இங்கிலாந்துக்கு, இரத்மலானை வழியாக, மூன்று நாளுக்குள். போருக்கு முன்பு ஒன்பது பத்து நாள் என்று சொன்னேன், நினைவிருக்கட்டும். ஏழு ஆண்டுகளில் தூரம் அப்படியே இருக்க, நாட்கள் மூன்றில் ஒரு பங்குக்குக் கீழே வந்துவிட்டன. அந்த ஏழு ஆண்டுகளின் நடுவில் ஒரு கட்டத்தில் பாதையே இல்லாமல் இருந்தது என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

1945 ஜூலையில் கட்டலினாக்களின் கடைசிப் பயணம் முடிந்தது. அவை அமெரிக்காவிடம் கடனுக்கு வாங்கிய விமானங்கள். போர் முடிந்தால் திருப்பிக் கொடுக்க வேண்டும், அல்லது அழிக்க வேண்டும், சிவில் சேவைக்கு வைத்திருக்கக் கூடாது என்பது ஒப்பந்தம். நான்கு விமானங்களைப் பேர்த்துக்கு அப்பால் ராட்னஸ்ட் தீவுக்கு வெளியே இழுத்துப்போய் மூழ்கடித்தார்கள். ஐந்தாவது சிட்னிக்கு வெளியே அதே கதியை அடைந்தது. ஒன்றையாவது வைத்திருக்க மனம் வரவில்லையே என்று எனக்கு இன்றும் ஆற்றாமை. ஒப்பந்தம் ஒப்பந்தம்தான், ஆனாலும் இருநூற்றுச் சொச்சம் முறை சமுத்திரத்தைத் தாண்டிய அந்த ஐந்தில் ஒன்றை நூதனசாலையில் நிறுத்த ஒரு வழி தேடியிருக்கலாம்.

அதன் பிறகு கதை வேகமாக நகர்கிறது. 1947 டிசம்பரில் கொன்ஸ்டலேஷன் விமானங்கள் சிங்கப்பூர், கல்கத்தா வழியே பழைய பெரும் பாதைக்குத் திரும்பின. நான்கு நாளில் இலண்டன். அதே மாதம் ஏர் சிலோன் தன் முதல் பறப்பை இரத்மலானையிலிருந்து காங்கேசன்துறை வழியாகச் சென்னைக்கு நடத்தியது. எங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு விமானம் என்றால் அதுதான், அவுஸ்திரேலியா என்ற ஒன்று அவர்கள் கண்ணுக்குத் தெரியவில்லை. அவுஸ்திரேலியப் பாதையில் இலங்கை பெரிய நிறுத்தமாக இருந்த காலம் சீக்கிரமே முடிந்தது. ஜெட் வந்தபின் யார் எங்கே நிற்கிறார்கள் என்பதை எண்ணெய்க்கு மேலே வியாபாரம் தீர்மானித்தது.

2018 மார்ச்சில் குவாண்டாஸ் பேர்த்திலிருந்து இலண்டனுக்கு நேராகப் பறக்கத் தொடங்கியது. 14,498 கிலோமீட்டர், பதினேழு மணி நேரத்துக்குச் சற்று மேல். கொக்கலைக்குப் போன தூரத்தைப் போல் இரண்டரை மடங்கு, நேரமோ பாதியைவிடக் கொஞ்சம்தான் கூட. 2019-இல் நியூயோர்க்கிலிருந்தும் இலண்டனிலிருந்தும் சிட்னிக்கு இடைநில்லாச் சோதனைப் பறப்புகளை நடத்தினார்கள், இரண்டும் பத்தொன்பது மணி நேரத்துக்குச் சற்று மேல். அந்தத் திட்டத்துக்கு அவர்கள் வைத்த பெயர் ‘ப்ரொஜெக்ட் சன்ரைஸ்’. கட்டலினாக்களின் இரட்டை விடியலை நினைத்து வைத்த பெயர் அது. பெயரில் வரும் அந்தச் சூரியன் ஒரு முனையில் சுவான் ஆற்றின் மேலும் மறுமுனையில் கொக்கலைக் களப்பின் மேலும் எழும்பியது என்பதை விளம்பரங்களில் தேடினால் கொக்கலை அரிதாகவே கிடைக்கும்.

மகளின் குடும்பத்தோடு நான் இப்போது பேர்த்தில்தான் இருக்கிறேன். மாலையில் குரோலிப் பக்கமாக ஆற்றங்கரையில் நடப்பது உண்டு. கருப்பு அன்னங்கள், பாய்மரப் படகுகள், பல்கலைக்கழகப் பிள்ளைகள். ஆறு அந்த இடத்தில் எவ்வளவு அகலம் என்று நேரில் பார்த்தால்தான், 16 டன் எடையை இழுத்துக்கொண்டு ஒரு படகு எழும்ப அவ்வளவு தண்ணீர் ஏன் தேவைப்பட்டது என்பது விளங்கும். இங்கே இந்தக் கதையைத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள், எழுதியிருக்கிறார்கள், ஆண்டு விழா எடுக்கிறார்கள். மறுமுனையில், நம் பக்கத்தில், இதைத் தெரிந்தவர்கள் குறைவு.

கொக்கலையில் இப்போது விமானப்படை நிலையமும் ஏற்றுமதி வலயமும் இருக்கின்றன. களப்பில் படகுச் சவாரி நடக்கிறது. அந்த வழியால் மாத்தறைக்கும் கதிர்காமத்துக்கும் போகிறவர்கள் விக்கிரமசிங்கவின் வீட்டில் இறங்குகிறார்கள், அது நல்லது. அப்படியே களப்பின் கரைக்கும் போங்கள். அங்கே வேலைக்குப் போன துறைமுகக் கூலிகள், படகோட்டிகள், எண்ணெய் பீப்பாய் உருட்டியவர்கள், கந்தோர் ஆட்கள், வீடிழந்த குடும்பங்கள் ஆகியோரின் பேரப்பிள்ளைகள் இன்று அறுபது எழுபது வயதில் இருப்பார்கள். சிங்களமோ தமிழோ, உங்கள் வீட்டில் அப்படி ஒருவர் இருந்திருந்தால் அவர் சொன்னதை எழுதி வையுங்கள். பழைய சம்பளத் துண்டு, அடையாள வில்லை, படம் எதுவாவது கிடந்தால் எறிந்துவிடாதீர்கள். பாதையின் பேர்த் முனைக்குப் புத்தகங்கள் இருக்கின்றன. கொக்கலை முனையை நாம்தான் எழுத வேண்டும்.